கேட்டது நீலக் கண். கிடைத்தது பழுப்புக் கண்!

ஈஸ்டர் பண்டிகை கழிந்ததும் வில்லியனூர் லூர்து மாதா கோவிலில் கொடி ஏறும். கரிக்கலாம்பாக்கம், பாகூர் பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் ஜனங்கள் வந்து சேருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் வருவார்கள். கோவிலுக்கு எதிரே உள்ள குளத்தின் படிகளில் கூட்டம் நெரியும்.

ஒருத்திக்குக் குழந்தை வேண்டும். ஒருவருக்குக் கடன் தீர வேண்டும். இன்னொருவருக்கு மகனின் நோய் குணமாக வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, கண்ணை மூடிக் கேட்கிறார்கள்.

கேட்டது கிடைத்தவர்கள் மறு ஆண்டு நன்றி சொல்ல வருகிறார்கள். அதில் வியப்பு இல்லை. கிடைக்காதவர்களும் வருகிறார்களே, அதுதான் வியப்பு!

"நான் கேட்டது கடவுள் காதில் விழவில்லையா? விழுந்தும் கொடுக்கவில்லையா?"

பக்தி உள்ள வீடு ஒவ்வொன்றிலும், ஏதாவது ஓர் இரவில், இந்தக் கேள்வி எழும்.

இந்தக் கேள்வியோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்த பெண்மணி ஒருவர் உண்டு. வில்லியனூருக்கு வெகு தெற்கே, திருநெல்வேலிச் சீமையில் உள்ள டோனாவூரில் இருந்தவர். அவர் கத்தோலிக்கர் அல்ல. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். வில்லியனூரில் வேண்டுதல் என்பதை டோனாவூரில் ஜெபம் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? கேட்பதும் காத்திருப்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அவர் பெயர் அமி கார்மைக்கேல்.

கண்ணாடியின் முன்னே

அயர்லாந்து தேசத்தின் வட பகுதியில் மில்லைல் என்று ஒரு கடற்கரை ஊர். 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அமி அங்கே பிறந்தாள். தகப்பனார் மாவு ஆலை முதலாளி. வீட்டில் ஏழு பிள்ளைகள். அமிதான் மூத்தவள்.

தாயாருக்கு நீலக் கண்கள். அமியின் கண்களோ பழுப்பு நிறம். அது அவளுக்குப் பெரிய குறை.

"கடவுளிடம் எதைக் கேட்டாலும் பதில் தருவார்" என்று தாயார் சொல்லியிருந்தார். அமிக்கு அப்போது மூன்று வயது. அப்படியே நம்பினாள். ஒரு நாள் இரவு முழங்கால் போட்டு, "எனக்கு நீலக் கண் கொடும்" என்று கேட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்ததுதான்.

பழுப்புக் கண்கள்! நேற்று இருந்த அதே கண்கள்!

குழந்தை திகைத்து நின்றாள். அப்போது அவள் மனதில் ஒன்று பட்டது. "இல்லை என்பதும் ஒரு பதில்தானே?"

தாயாரைக் கேளுங்கள், குழந்தைக்குத் தெரியும். "மிட்டாய் வேண்டும்" என்று குழந்தை அழுகிறது. "கிடையாது" என்கிறாள் தாய். அவள் காது கேட்காதவள் என்று எந்தக் குழந்தையும் நினைப்பது இல்லை.

காப்பி நிறம்

பெரியவளான அமி, பெல்பாஸ்ட் நகரத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே ஊழியம் செய்தார். அவர்கள் கூடுவதற்கு ஒரு மண்டபம் வேண்டும். 500 பவுன் தேவை. ஜெபம் செய்தார்கள். ஒரு சீமாட்டி அந்தத் தொகையைக் கொடுத்தார். மண்டபம் எழுந்தது. இது "சரி" என்ற பதில்.

பிறகு சீனாவுக்குப் போக விரும்பினார். டாக்டர் உடம்பைச் சோதித்துப் பார்த்து, கூடாது என்றார். 1893-ல் ஜப்பானுக்குப் போனார். நோய் வந்து திரும்பினார். கடைசியில் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது வயது 27. அதற்குப் பிறகு 55 ஆண்டுகள் அவர் தாய்நாட்டுக்கு ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

வாக்கர் ஐயர் என்ற பாதிரியாரிடம் தமிழ் படித்தார். புடவை கட்டிக்கொண்டார். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் வேறு சில பெண்களும் துணைக்குச் சேர்ந்தார்கள். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம், பண்ணைவிளை என்ற ஊரில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்காக ஒப்படைக்கப்பட்ட குழந்தை. முன்பே ஒரு முறை ஓடிப் பார்த்தாள். நடந்தே தாய் வீட்டுக்குப் போனாள். திருப்பி ஒப்படைத்துவிட்டார்கள். ஓடியதற்குத் தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்கள்.

அந்தக் குழந்தை சொன்னதைக் கேட்ட பிறகு அம்மையாருக்கு வேறு வேலை ஓடவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடி மீட்பதே வாழ்க்கை ஆயிற்று. பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்க அப்போது தனிச் சட்டம் இல்லை. சென்னை மாகாணத்தில் அதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

தேடிப் போகும் இடங்களில் வெள்ளைக்காரி என்று தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே புடவை கட்டி, கைகளில் காப்பி நீரைப் பூசி, நிறத்தை மாற்றிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். தோலின் நிறத்தை மாற்றலாம். கண்ணின் நிறத்தை மாற்ற முடியுமா? நீலக் கண்ணாக இருந்திருந்தால் வாசலிலேயே பிடிபட்டிருப்பார்!

மூன்று வயதில் கிடைத்த "இல்லை"க்கு முப்பது வயதுக்கு மேல் காரணம் தெரிந்தது.

இந்தக் கதையைப் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மையாரின் வாழ்க்கை இந்த இடத்தில் நிற்கவில்லை. இதற்கு மேல்தான் கடினமான "இல்லை"கள் வந்தன. அவற்றுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இந்திரநீலா

டோனாவூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டோனா என்ற ஜெர்மானியப் பிரபு கொடுத்த பணத்தில் ரேனியஸ் ஐயர் உண்டாக்கிய கிறிஸ்தவக் கிராமம். பிரபுவின் பெயரே ஊர்ப் பெயர் ஆகிவிட்டது.

அங்கே அம்மையார் இல்லம் அமைத்தார். 1904-ல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பெண் குழந்தைக்கு இந்திரநீலா என்று பெயர். இல்லத்தின் செல்லப் பிள்ளை.

1905-ன் தொடக்கத்தில் அந்தக் குழந்தைக்கு நோய் கண்டது. பக்கத்தில் டாக்டர் இல்லை. இல்லம் முழுவதும் ஜெபித்தது. குழந்தை இறந்துவிட்டது.

பச்சைக் குழந்தைகளை வைத்திய வசதி உள்ள இடத்தில் வளர்க்கலாம் என்று, மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார்கள். அதைப் பொன்னம்மாள் நடத்தினார். அங்கேயும் சீதபேதி பரவியது. பல குழந்தைகள் மாண்டார்கள்.

1912-ல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்துக்குக் கூட்டம் நடத்தப் போனார். அவர் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். அறுவைச் சிகிச்சை நடந்தது, ஜெபமும் நடந்தது. உயிர் நிற்கவில்லை.

"எல்லாம் நன்மைக்கே" என்று அம்மையார் எளிதாகச் சொல்லிவிடவில்லை. ஏன் என்று தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். பதில் சொன்னவர் தகப்பன் என்று நம்பினால், காரணம் தெரியாமலே பதிலை வாங்கிக்கொள்ளலாம் என்றார். "இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும்" என்று கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டார். பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார். இரண்டு பேருக்கும் கேட்டபடி கிடைக்கவில்லை.

கடன் கிடையாது

இத்தனை "இல்லை"களுக்குப் பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

1913-ல் டோனாவூர் இல்லத்தில் 130 குழந்தைகள் இருந்தார்கள். சாப்பாடு, துணி, பால், மருந்து எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அம்மையார் எந்த மனிதரிடமும் பணம் கேட்பது இல்லை. தேவையை ஜெபத்தில் சொல்வார். அதோடு சரி.

மளிகைக் கடைப் பாக்கிக்கு ஜெபம் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! அங்கே கடன் வாங்கும் பழக்கம் கிடையாது. வந்த பணத்துக்கு உள்ளேதான் செலவு.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்களைப் படித்துத்தானே வெளிநாட்டார் பணம் அனுப்பினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் எவர் எப்போது எவ்வளவு அனுப்புவார் என்று அவருக்குத் தெரியாது. நாளைக்குப் பாலுக்குப் பணம் வருமா என்று தெரியாமல் குழந்தைகளைத் தூங்க வைப்பது லேசான காரியம் அல்ல.

1918-ல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்குப் பரம சுக சாலை என்று பெயர். டாக்டர் இல்லாமல் இந்திரநீலா இறந்த ஊரில், சுற்று வட்டாரத்து நோயாளிகள் வைத்தியம் தேடி வந்தார்கள்.

அந்திக் கருக்கலில் ஒரு குழி

1931-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி. காலையில் அம்மையார் ஒரு ஜெபம் செய்தார். இன்னும் நன்றாகத் தொண்டு செய்ய என்னைத் தகுதியாக்க என்ன வேண்டுமானாலும் செய்யும் என்பதே அதன் கருத்து.

அன்று மாலை களக்காட்டுக்குப் போனார். அங்கே ஊழியத்துக்காக ஒரு வீடு பிடித்திருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டும். அந்திக் கருக்கல். புதிதாக வெட்டிய குழி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. உள்ளே விழுந்தார். கால் ஒடிந்தது.

லாரியில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். இல்லம் முழுவதும் குணத்துக்காக ஜெபித்தது. சின்னக் குழந்தைகளும் ஜெபித்தார்கள்.

குணம் ஆகவில்லை. வலி முதுகுக்கும் ஏறியது. மாட்டு வண்டியில் ஊர் ஊராக அலைந்த பெண்மணி ஓர் அறைக்குள் அடங்கினார். ஒரு வாரம் அல்ல, ஒரு வருஷம் அல்ல. ஏறக்குறைய 20 வருஷம்!

படுக்கையில் கிடந்தவருக்கு அன்பர்கள் ஆறுதல் புத்தகங்கள் அனுப்பினார்கள். அவர் புரட்டிப் பார்த்தார். அவை மனதில் ஒட்டவில்லை. வலி இல்லாதவர்கள், வலியில் கிடப்பவர்களுக்கு எழுதிய புத்தகங்கள் அவை. நோயாளி வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய், "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வருகிற எல்லோரும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

அவரே எழுதத் தொடங்கினார். தூக்கம் வராத இரவுகளையும் தீராத வலியையும் மறைக்காமல், படுக்கையில் கிடக்கும் மற்றவர்களுக்காக எழுதினார். 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற அந்தப் புத்தகம் 1933-ல் வெளிவந்தது. முட்செடியில் பூத்த ரோஜா என்று பொருள். படுக்கையில் இருந்தபடியே இன்னும் பல புத்தகங்கள் எழுதினார்.

அதனால் வலி நன்மை ஆகிவிட்டதா? அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டது குணம், கிடைத்தது புத்தகம். இரண்டும் ஒன்று அல்ல என்று அவருக்குத் தெரியும்.

தமக்குப் பிறகு இல்லத்தை நடத்துவார்கள் என்று அவர் நம்பியிருந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர், சிறு பெண்ணாக வந்து அவருடைய கையிலேயே வளர்ந்த அருளாயி. இன்னொருவர், காட்ஃபிரே வெப்-பெப்ளோ என்ற ஆங்கிலேயர். அருளாயி 1939-ல் இறந்தார். காட்ஃபிரே 1949-ல் இறந்தார். இரண்டு சாவுச் செய்தியும் அந்தப் படுக்கைக்குத்தான் வந்தன. பிறகும் காலையில் ஜெபம் நடந்தது. குழந்தைகள் வந்து தங்கள் விருப்பங்களைச் சொன்னார்கள். அம்மையார் கேட்டுக்கொண்டார்.

கல் வேண்டாம்

1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி அமி கார்மைக்கேல் அம்மையார் காலமானார். வயது 83.

அவர் ஆரம்பித்த இல்லமும் ஆஸ்பத்திரியும் டோனாவூரில் இன்றும் இருக்கின்றன.

தம் கல்லறைமேல் கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தப் பேச்சைத் தட்டவும் இல்லை, முழுவதும் கேட்கவும் இல்லை. பெயரும் தேதியும் எழுதிய கல்லை வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: அம்மை.