வீடு மாறிய இணையத்தளமும் திரும்பி வந்த விண்ணப்பமும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாணவி ஒருத்தி அனுப்பிய விண்ணப்பம் எங்களிடம் வந்து சேரவில்லை. பிழை அவளுடையதல்ல, எங்களுடையது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பழைய மாணவிகள் சிலர் நடத்தும் கல்வி உதவிக் குழுவின் இணையத்தளத்தை என் தாத்தாவும் நானும்தான் கவனித்து வந்தோம். கட்டணம் கூடியதால் தளத்தை வேறொரு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். ஒரு வியாழக்கிழமை இரவு வேலை முடிந்தது. வீட்டுக் கணினியில் புதிய தளம் அழகாகத் திறந்தது. "எல்லாம் சரி உம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனோம்.

சனிக்கிழமை காலை தொலைபேசி அழைப்பு வந்தது. அந்த மாணவி பஸ் ஏறிப் பசறை டவுனுக்கு வந்து, கொமியூனிகேஷன் கடையிலிருந்து பேசினாள். "அக்கா, போன வருசத்து ஃபோம்தான் வருது. மெயில் அனுப்பினாலும் திரும்பி வருது. எங்கள எடுக்க மாட்டீங்களா?" விண்ணப்ப முடிவுத் திகதி திங்கட்கிழமை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என்ன நடந்தது என்று விளங்க, ஆள்களப் பெயர் முறைமையை முதலில் அறிய வேண்டும். கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது எண்களால். அந்த எண்ணே ஐ.பி. முகவரி. மனிதருக்கு எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் முறையை 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். நம் நாட்டுக்குரிய பெயர் 'டொட் எல்கே'. 2010 முதல் தமிழில் 'டொட் இலங்கை' என்பதும் உண்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும், அங்கிருந்துதான் ஆளைத் தேடிப் போகும். கந்தோரில் இருப்பவருக்கு ஆள் வீடு மாறியது தெரியாவிட்டால், கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். எங்கள் தளத்துக்கும் அதுதான் நடந்தது.

பெயரைத் தேடித் தரும் சேவையகங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக விசாரிப்பதில்லை. ஒருமுறை கேட்ட விடையைக் குறித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்வது டி.டி.எல். என்ற அளவு. அது செக்கன்களில் இருக்கும். எங்கள் பழைய பதிவில் 86400, அதாவது முழு ஒரு நாள். 'டொட் கொம்' பெயர்களுக்குப் பெயர்ச் சேவையகம் எது என்ற குறிப்பு 172800 செக்கன், இரண்டு நாள் வரை நிற்கும். ஆகவே பதுளையில் புதிய தளம் தெரிந்த அதே நேரத்தில் பசறையில் பழைய தளம் தெரிந்தது.

மின்னஞ்சல் திரும்பியது வேறு காரணத்தால். தளத்தின் முகவரியைச் சொல்வது 'ஏ' பதிவு. கடிதம் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வது 'எம்எக்ஸ்' பதிவு. புதிய இடத்தில் முதலாவதை எழுதினோம், இரண்டாவதை மறந்துவிட்டோம். அது இல்லாததால் கடிதங்கள் இணையத்தளச் சேவையகத்தின் கதவைத் தட்டி, பெற்றுக்கொள்ள ஆளின்றித் திரும்பின.

அன்றே எம்எக்ஸ் பதிவைச் சேர்த்தோம். பழைய பெயர்ச் சேவையகத்திலும் 'ஏ' பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றினோம். இனிப் பழைய இடத்தில் விசாரிப்பவருக்கும் சரியான விடை கிடைக்கும். பழைய ஹோஸ்டிங்கை நாங்கள் இன்னும் மூடியிருக்கவில்லை. அதைத் திறந்து பார்த்தபோது, வெள்ளிக்கிழமை நிரப்பப்பட்ட இரண்டு விண்ணப்பங்கள் அங்கே கிடந்தன. குழுவினரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் முடிவுத் திகதியை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள்.

பெயர்ப் பதிவில் கைவைத்தால் எவ்வளவு பெரிய தளமும் தப்பாது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி இலங்கையின் 'கூகுள் டொட் எல்கே' உட்படச் சில பெயர்களை யாரோ வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தேயிலைத் தொழில் முதலான நாட்டின் பிரச்சினைகளை அந்தப் பக்கம் பேசியது. பெயர் காட்டிய வழிதான் மாற்றப்பட்டிருந்தது.

தளம் மாற்றப் போகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்:

1. மாற்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே டி.டி.எல். அளவை 300 செக்கனாகக் குறையுங்கள்.

2. பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, புதிய இடத்தில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எம்எக்ஸை மறக்க வேண்டாம்.

3. உங்கள் கணினியை மட்டும் நம்பாதீர்கள். 'என்எஸ்லுக்கப்' கட்டளையால் 8.8.8.8, 1.1.1.1 ஆகிய பொதுச் சேவையகங்களையும் கேட்டுப் பாருங்கள். வேறு ஊரில், வேறு இணைப்பில் இருப்பவரிடமும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

4. பழைய ஹோஸ்டிங்கைக் குறைந்தது ஒரு வாரம் வைத்திருங்கள்.

5. விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது தளத்தை மாற்றவே வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தால், "எடுக்கவில்லை" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தொலைபேசியில் ஒருமுறை கேளுங்கள். அந்த மாணவி பஸ் காசு செலவழித்து வந்து கேட்டபடியால்தான் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்தது. அவளுடைய விண்ணப்பம் அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்தது. முதலில் திறந்து படித்தது நான்தான்.