கொடுத்தவர் பெயர் எங்கே?

காட்டுப்பள்ளியில் துறைமுகம் இருக்கிறது, கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. வல்லூரிலும் அத்திப்பட்டிலும் அனல் மின் நிலையங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட். இத்தனை இருந்தும் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலைதான். நிரந்தர வேலைக்கென்று மிச்சமிருக்கும் சில வழிகளில் விளையாட்டும் ஒன்று. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறது. அதற்குக் கையில் சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழக அணிக்காக ஆடியதற்குத் தரப்படுவதை வீரர்கள் 'ஃபார்ம் 3' என்பார்கள். பதினேழு வயதில் கபடி ஆடத் தொடங்கும் ஒரு பிள்ளை அந்தத் தாளைக் கையில் வாங்கும்வரை முட்டைக்கும் பாலுக்கும் ஷூவுக்கும் பஸ்ஸுக்கும் யார் பணம் தருவது? தனியார் கல்லூரி என்றால் கட்டணம் தள்ளுபடி, ஹாஸ்டல், சாப்பாடு. அரசுக் கல்லூரி என்றால் ஊரில் வசதியுள்ள யாராவது ஒருவர் ஸ்பான்சர் செய்வார். இதில் பெரும்பகுதி வாய்ப்பேச்சில் முடிகிற ஏற்பாடு. மாணவர் பணம் வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. தவறு, அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து இல்லாமல் இருப்பது. எழுத்து இல்லாத இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், பதில் சொல்ல நிற்பவர் மாணவர் ஒருவர்தான்.

விளையாட்டுக்குக் காசு வாங்கினால் களங்கம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கூலி தேவைப்படாத கனவான்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி அது. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்கு எழுதிய வரையறையில் கைத்தொழில் செய்பவரும் கூலித் தொழிலாளியும் போட்டியிடத் தகுதியற்றவர்கள் என்றே இருந்தது. ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன்பு சில்லறைச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி அடுத்த ஆண்டே இரண்டையும் பிடுங்கினார்கள். அவரை மட்டுமே முதலிடத்துக்குரியவராகப் பதிவேட்டில் மீண்டும் எழுத 2022 வரை ஆயிற்று. அவர் இறந்து அப்போது அறுபத்தொன்பது ஆண்டுகள். நம் சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1959இல் ஜாக் கிரேமர் மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொல்லித் தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். போயிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு மூடப்பட்டிருக்கும். அவர் மறுத்துவிட்டார். 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் ஆடினார், 1966இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். இரண்டே ஆண்டில், 1968இல், விம்பிள்டன் தொழில்முறை வீரர்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தது கிருஷ்ணனின் பெருந்தன்மை. விட்டுக்கொடுக்க வைத்த விதிக்கு அந்தப் பெருமையில் பங்கு தர என்னால் முடியாது.

இந்தியாவில் அந்த விதி ஒருபோதும் முழுசாக வேர் பிடிக்கவில்லை. ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும் வேலை என்ற பெயரில் வீரர்களைச் சோறு போட்டு வளர்த்தன. இன்று அரசே நேரடியாகத் தருகிறது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான இளம் வீரருக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர் தனிநபர் போட்டியில் முதலிடம் பிடித்தால் 1 லட்சம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்று திரும்பிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. ஊரே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமோ, பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், முழுநேர வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. அது மாணவர் யார் என்று வரையறுக்கிறது. அவருக்குப் பின்னால் நின்று யார் என்ன கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை அது தொடுவதே இல்லை.

அதைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எட் மார்ட்டின் கதையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. டெட்ராய்ட்டில் ஃபோர்டு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சட்டவிரோதமாக நம்பர் லாட்டரி நடத்தினார். அந்தப் பணத்தை வெளுக்க அவர் கண்டுபிடித்த வழி, மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களுக்குக் கடன் கொடுப்பது. கிறிஸ் வெப்பர் உட்பட நான்கு பேருக்கு 6,16,000 டாலர் கொடுத்ததாக 2002இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அணியின் வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன, அரங்கில் தொங்கிய பதாகைகள் இறக்கப்பட்டன, அந்த வீரர்களோடு பத்தாண்டு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவு வந்தது. ஆனால் அந்த ஆட்டங்களுக்கு விற்ற டிக்கெட்டும் தொலைக்காட்சி வருமானமும் தந்த பலனை பல்கலைக்கழகம் அனுபவித்து முடித்திருந்தது. டெக்சாஸில் நடந்தது இன்னும் மோசம். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 13 பேருக்கு 61,000 டாலர் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது தெரிந்து, 1987இல் அந்த அணியின் ஒரு பருவமே ரத்தானது. அந்தப் பணம் தொடர்ந்து போகட்டும் என்று முடிவெடுத்தவர்களில் ஒருவர், முன்பு பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் இருந்த பில் கிளெமென்ட்ஸ். விஷயம் வெளிவந்தபோது அவர் அந்த மாநிலத்தின் ஆளுநர். பதவிக்காலம் முடியும்வரை ஆளுநராகவே இருந்தார்.

அங்கே கல்லூரி ஆட்டம் கோடிக்கணக்கில் புரளும் வியாபாரம், இங்கே பார்க்க வருவதே நூறு பேர், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே டிக்கெட் வருமானம் இல்லை, ஆனால் பதக்கத்துக்கு விலை இருக்கிறது. கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் மதிப்பீட்டில் மாணவர்கள் விளையாட்டில் வாங்கும் விருதுகளுக்கு மதிப்பெண் உண்டு. நுழைவாயில் பேனரிலும் சேர்க்கை விளம்பரத்திலும் இருப்பது அந்த மாணவரின் படம்தான். பல்கலைக்கழகங்களுக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையைப் பல காலம் பஞ்சாபின் அரசுப் பல்கலைக்கழகங்களே வாங்கிக்கொண்டிருந்தன. 2024ஆம் ஆண்டுக்கான முதலிரண்டு இடங்களையும் பிடித்தவை சண்டிகர் பல்கலைக்கழகமும் லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகமும், இரண்டும் தனியார். நல்ல வீரர்களைத் தேடிப்போய்ச் சேர்க்கும் வசதி உள்ளவர்கள் ஜெயிக்கிறார்கள். அதில் குற்றமில்லை. அப்படிச் சேர்ப்பது ஒரு ஒப்பந்தம் என்று ஒத்துக்கொள்ளாததுதான் சிக்கல். இரண்டாம் ஆண்டில் முழங்கால் லிகமென்ட் கிழிந்து உட்கார்ந்துவிடும் வாலிபால் பெண்ணின் கட்டணத் தள்ளுபடி தொடருமா? அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் இதுவரை தள்ளுபடி செய்ததைத் திருப்பிக் கேட்கலாமா? மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஆணையே போட்டது. எல்லா மாணவருக்குமான அந்தப் பாதுகாப்பு தனக்கும் உண்டு என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசியக் கூட்டமைப்புகளை ஒழுங்குபடுத்தத்தான் முதன்மையாக எழுதப்பட்டது. மீஞ்சூரில் அட்மிஷன் நேரத்தில் பிசிக்கல் டைரக்டர் அறையில் பேசி முடிப்பது அதன் கண்ணுக்கு எட்டாது.

எழுதச் சொன்னால் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்பதுதான் விளையாட்டுக்காரர்களே அதிகம் சொல்லும் மறுப்பு. அதற்கான பதில் காட்டுப்பள்ளி வட்டாரத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது; தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அந்தச் செலவை ஆண்டறிக்கையில் காட்டியே ஆக வேண்டும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023இல் தொடங்கியதிலிருந்து நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும் வெளிப்படையாக வாங்கித்தான் வீரர்களுக்குக் கொடுக்கிறது. கணக்குக் காட்டச் சொன்னதால் இவர்கள் யாரும் ஓடவில்லை. துறைமுகம் நடத்தும் நிறுவனம் ஒரு கபடி மேட்டுக்குச் செய்யும் செலவு ஏட்டில் ஏறும்போது, அதே ஊரில் ஒரு லாரி ஒப்பந்ததாரரோ கட்சிப் பிரமுகரோ ஒரு வீரருக்குத் தரும் பெருந்தொகை மட்டும் ஏன் பெயரில்லாமல் இருக்க வேண்டும்? ஷூ வாங்கித் தரும் டீக்கடைக்காரரை யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். அமெரிக்காவும் இப்போது அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. 2021இல் மாணவ வீரர் தன் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்க அனுமதித்தார்கள்; 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பின் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன; கூடவே, வெளியார் தரும் 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களைத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு தடைசெய்துபார்த்த பின் அவர்கள் வந்து நின்ற இடம், பதிவு.

பணப் பேச்சு வந்தால் படிப்பு கெடும் என்ற அச்சமும் இருக்கிறது, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நிச்சயமின்மைதான்: அடுத்த செமஸ்டர் சீட் இருக்குமா என்று தெரியாமல், காயத்தை மறைத்துக்கொண்டு ஆடுவது. மூன்று ஆண்டுக்கும் கட்டணச் சலுகை உறுதி, காயம் பட்டாலும் அது தொடரும், மருத்துவக் காப்பீடு கல்லூரியின் பொறுப்பு என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கல்லூரி கையெழுத்துப் போட்டால் வகுப்புக்குப் போகத் தெம்பு வரும். ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் தரும் வெளியார் பெயரும் அதே பக்கத்தில் இருக்கட்டும். மறைத்தால் அபராதம் கல்லூரிக்கும் கொடுத்தவருக்கும், மாணவரின் தகுதிக்கு அல்ல. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பதும், ஃபார்ம் 3இல் கையெழுத்திடுவதும் பல்கலைக்கழகம்தான். பொன்னேரி அரசுக் கல்லூரி முதல் நகரத்துத் தனியார் கல்லூரிகள்வரை தன்னோடு இணைந்த எந்தக் கல்லூரியானாலும், இந்த ஒரு பக்கம் இல்லாமல் வரும் வீரர் பட்டியலைத் தேர்வுக்கு ஏற்கமாட்டோம் என்று சென்னைப் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டிலேயே ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியும்.