தேதியிலிருந்து தேதியைக் கழித்தால்

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2024 மார்ச் 1 என்ற தேதியிலிருந்து 2024 பிப்ரவரி 29-ஐ வெறும் கழித்தல் குறி போட்டுக் கழித்துப் பாருங்கள். விடை 1 என்று வராது, 72 என்று வரும். பிழைச்செய்தி கிடையாது. கழித்தல் குறியைக் கண்டதும் அது இரண்டு தேதிகளையும் 20240301, 20240229 என்று எட்டு இலக்க எண்களாக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கணக்காகக் கழித்துவிடுகிறது.

இதில் விஷமம் என்னவென்றால், ஒரே மாதத்துக்குள் கழித்தால் விடை சரியாகவே வரும். மார்ச் 20-லிருந்து மார்ச் 5 போனால் 15. நிரல் எழுதியவர் நாலைந்து தேதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவார். மாதம் பிறந்ததும் தாமதக் கட்டணம் தாறுமாறாக ஏறும்.

நாம் எழுதும் தேதி மூன்று அலகுகளைச் சேர்த்துக் கட்டியது. நாள் ஏறிக்கொண்டே போய் 28, 29, 30, 31 என்று மாதத்துக்கு ஒரு தினுசாக முறிந்து மறுபடி ஒன்றில் தொடங்கும். இப்படிப்பட்ட ஒன்றை நேராகக் கழிக்க முடியாது. எல்லா நாள்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எங்கோ ஒரு முதல் நாளிலிருந்து 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே வந்தால்தான் கழிக்கலாம்.

இந்த யோசனை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் நிறுவிய ஆய் மன்னன் கருநந்தடக்கன், அதற்கு ஒரு செப்பேடு வெட்டிவைத்தான். அதில் காலத்தைச் சொல்லக் கலியுகம் பிறந்து சென்ற நாள்களின் எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறது: 14,49,087. கலியுகத்தின் தொடக்கமாக வானியலார் கொள்ளும் நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கி.பி. 866 ஜூலை மாதத்தில் நிற்போம். அகர்கணம் என்ற பெயரில் பஞ்சாங்கக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவருவது இந்த நாள் எண்ணிக்கையைத்தான்.

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்தவர் ஜோசப் ஸ்காலிஜர். 28 ஆண்டு, 19 ஆண்டு, 15 ஆண்டு என்று ஓடிய மூன்று சுழற்சிகளைப் பெருக்கி 7,980 ஆண்டுகள் கொண்ட ஒரு பெருங்காலத்தை 1583-இல் வகுத்தார். மூன்று சுழற்சிகளும் ஒன்றாகத் தொடங்கும் கி.மு. 4713 அதன் முதல் ஆண்டு. அந்த ஆண்டின் ஜனவரி 1-லிருந்து ஒவ்வொரு நாளையும் எண்ணும் முறையை 1849-இல் ஜான் ஹெர்ஷல் வானியலுக்குப் பரிந்துரைத்தார். ஜூலியன் நாள் என்ற அந்த எண்ணை உங்கள் கைப்பேசியும் அறியும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் எஸ்க்யூலைட் என்ற குட்டித் தரவுத்தளத்தில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. ஆனால் எந்தத் தேதியையும் ஜூலியன் நாளாக மாற்றித்தரும் கட்டளை உண்டு.

அதைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15-இன் ஜூலியன் எண் 24,32,413. குடியரசான 1950 ஜனவரி 26-இன் எண் 24,33,308. கழித்தால் 895 நாள். 1948 லீப் ஆண்டு என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பிப்ரவரி 29-க்கும் வரிசையில் ஓர் எண் உண்டு.

பல தரவுத்தளங்கள் தமக்கென்று ஒரு முதல் நாளை வைத்திருக்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகைக்கு 1900 ஜனவரி 1, போஸ்ட்கிரெஸுக்கு 2000 ஜனவரி 1, யூனிக்ஸ் வழிவந்தவற்றுக்கு 1970 ஜனவரி 1. ஆரக்கிளோ நூற்றாண்டு, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று ஏழு பைட்டுகளில் பிரித்தே வைத்துக்கொள்கிறது. கழிக்கச் சொன்னால் நாள்களாக மாற்றிப் பின்னத்தோடு விடை தரும். அரை நாள் 0.5. எக்செல் தரவுத்தளம் இல்லைதான், ஆனால் நம் அலுவலகங்களில் பாதித் தரவுத்தளங்கள் எக்செல் தாள்கள்தாம் என்பதால் அதையும் சொல்லிவிடலாம். 1900 லீப் ஆண்டு அல்ல. இருந்தும் லோட்டஸ் 1-2-3 என்ற முன்னோடி மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. அதனோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் இல்லாத 1900 பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்து இன்றுவரை காப்பாற்றிவருகிறது.

நாள் கணக்கில் பொதுவாகத் தகராறு இல்லை. எத்தனை ஆண்டு என்று கேட்டதும்தான் ஆளுக்கொரு விடை வரத் தொடங்கும்.

விடுதலை பெற்ற தேதி, குடியரசான தேதி இரண்டையும் கொடுத்து, இடையில் எத்தனை ஆண்டு என்று மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப்டிஃப் கட்டளையிடம் கேட்டால் 2 என்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் கட்டளை 3 என்கிறது. இரண்டும் பிழை இல்லை. முன்னது முழுசாக நிறைந்த ஆண்டுகளை எண்ணுகிறது. பின்னது வழியில் கடந்த புத்தாண்டு நாள்களை எண்ணுகிறது: 1948, 1949, 1950. நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர் கல்லைத் தாண்டினோம் என்று எண்ணுவதுபோல. கல்லுக்கு ஓரடி முன்னால் கிளம்பி ஓரடி பின்னால் நின்றாலும் ஒரு கல் தாண்டியாயிற்று.

வாக்காளர் பட்டியலுக்கு 18 வயது நிறைந்தவர்களைப் பிரிக்க இந்த டேட்டிஃப் கட்டளையைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 2006 டிசம்பர் 31-இல் பிறந்தவருக்கு 2024 ஜனவரி 1-இல் 18 என்று வரும். உண்மையில் அவருக்கு 17 நிறைந்து ஒரு நாள்தான் ஆகிறது. ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். இதைச் செய்ய அலுத்துக்கொண்டு நாள் எண்ணிக்கையை 365.25-ஆல் வகுப்பவர்கள் நிறையப்பேர். அதுவும் கைகொடுக்காது. 2001 மார்ச் 1-இல் பிறந்தவர் 2019 மார்ச் 1-இல் 6,574 நாள் வாழ்ந்திருப்பார். வகுத்தால் 17.9986. பதினெட்டாம் பிறந்தநாளன்றே பதினேழு என்று திருப்பி அனுப்பப்படுவார்.

போதாக்குறைக்கு டேட்டிஃப் என்ற பெயர் மைஎஸ்க்யூஎல்லிலும் உண்டு. அங்கே அது நாள்களை மட்டும் தரும். பிந்திய தேதியை முதலில் எழுத வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் முந்திய தேதி முதலில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நிறுவனங்களில் வயதுகளெல்லாம் எதிர்மறை எண்களாக மாறினால் காரணத்தை இங்கே தேடலாம்.

மாதக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஆரக்கிளின் மந்த்ஸ் பிட்வீன் கட்டளை, மிஞ்சும் நாள்களை 31-ஆல் வகுத்துப் பின்னமாக்கும். நம் எடுத்துக்காட்டுக்கு 29 மாதமும் 11 நாளும், அதாவது 29.35. சரி. ஆனால் இரண்டு தேதிகளும் மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் முழு மாதமாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறது. அதனால் 2024 ஜனவரி 31-லிருந்து பிப்ரவரி 29 வரை சரியாக 1 மாதம். ஒரு நாள் முன்னதாக, ஜனவரி 30-லிருந்து எண்ணினால் 0.97 மாதம். 29 நாள் ஒரு மாதமாம், 30 நாள் ஒரு மாதத்துக்குக் குறைவாம். மாதக் கடைசியில் சம்பளமும் வாடகையும் கணக்குப் பார்ப்பவருக்கு இந்த விதி நியாயமாகப் படும். ஆய்வுக்கூடத்தில் நாள் எண்ணிப் பார்ப்பவருக்குப் படாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது போஸ்ட்கிரெஸின் நேர்மை. கால இடைவெளியை அது ஒரே எண்ணாகச் சுருக்குவதில்லை. மாதம், நாள், மைக்ரோவிநாடி என்று மூன்று அறைகளில் தனித்தனியே வைக்கிறது. மாதத்துக்கு இத்தனை நாள் என்று நிச்சயமில்லை; கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பும் நாடுகளில் நாளுக்கு இத்தனை மணி என்றும் நிச்சயமில்லை. 23 மணி நேர நாளும் 25 மணி நேர நாளும் ஆண்டுக்கு ஒவ்வொன்று வரும். ஆகவே எதையும் எதுவாகவும் மாற்றாமல் வைத்திருந்து, ஒரு குறிப்பிட்ட தேதியோடு கூட்டும்போதுதான் கணக்கைத் தீர்க்கிறது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. இதே போஸ்ட்கிரெஸ், இரண்டு இடைவெளிகளில் எது பெரிது என்று ஒப்பிடும்போது மட்டும் வேறு வழியின்றி மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்கிறது.

ஆக, வயதும் பணிக்காலமும் கழித்தலால் மட்டும் தீர்வதில்லை. எப்படி எண்ணுவது என்பதை முதலில் யாராவது முடிவு செய்திருக்க வேண்டும். பல இடங்களில் சட்டம் முடிவு செய்திருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ணச் சொல்கிறது. பதினெட்டாம் பிறந்தநாள் தொடங்கும்போதே ஒருவர் வயதுவந்தவர். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஒரு நாள் ‘முதல்’ என்று இருந்தால் அந்த முதல் நாளை விட்டுவிடவும், ஒரு நாள் ‘வரை’ என்று இருந்தால் அந்தக் கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ளவும் வழிசெய்கிறது. மத்திய அரசு ஊழியர் மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்திருந்தால், முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார். மறுநாள் பிறந்தவருக்கு முழு மாதச் சம்பளம் கூடுதல். அடிப்படை விதி 56 அப்படி. எந்தத் தரவுத்தளத்திலும் இதற்கான தயார்க் கட்டளை இல்லை.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் பாடு தனி. 2004 பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு 2022 பிப்ரவரி 28-இல் வயது என்ன? மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் 17 என்கின்றன. இரண்டும் மாதக் கடைசி என்பதால் ஆரக்கிள் 216 மாதம், அதாவது 18 ஆண்டு என்கிறது.

விடுப்புக் கணக்கில் வேறொரு சிக்கல் உண்டு, சின்னதுதான். திங்கள் முதல் புதன் வரை விடுப்பு எடுத்தால் மூன்று நாள், கழித்தால் இரண்டு. ஒன்றைக் கூட்ட மறந்த மென்பொருளை ஊழியர்கள் யாரும் புகார் செய்வதில்லை.

தேதியோடு நேரமும் சேர்ந்தால் இடமும் கணக்குக்குள் வந்துவிடும். இந்தியக் கடிகாரம் 1945-க்குப் பிறகு முன்பின் நகரவே இல்லை என்பதால் இங்கே எழுதும் நிரல்களில் இது உறைப்பதில்லை. கடலைத் தாண்டினால் உறைக்கும். இலங்கை 1996-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதே ஆண்டில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு தாண்டி 12.30-க்கு மீண்டும் அரை மணி இழுத்து இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு இரவு 10 மணிக்கு வேலைக்கு ஏறிக் காலை 6 மணிக்கு இறங்கிய கொழும்புத் தொழிலாளிக்குக் கடிகாரக் கழித்தல் 8 மணி நேரக் கூலி தரும். அவர் உழைத்தது எட்டரை மணி. சிங்கப்பூரில் நேர்மாறு. 1981-இன் கடைசி இரவு 11.30-க்குக் கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த ஊரில் அன்று இரவு 11.45-க்குப் பிறந்ததாக ஒரு பதிவு இருந்தால் அது இல்லாத நேரம்.

இதற்குத் தீர்வு உண்டு. நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, ஊர் நேரத்தைக் காட்டும்போது மட்டும் மாற்றுவது. எந்த ஊர் எந்த நாளில் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தியது என்ற வரலாறு முழுவதும் ஒரு பொதுத் தொகுப்பாக இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்தது. ஆசியா/கொழும்பு, ஆசியா/சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயரால் அடுக்கியிருப்பார்கள். கைப்பேசிகளும் பல கணினிகளும் இதைப் பார்த்தே மணி சொல்கின்றன.

பழங்காலத் தேதிகளைக் கழிப்பவர்கள் கிரெகோரி நாள்காட்டி மாற்றத்தையும் நினைக்க வேண்டும். 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஆக்கினார்கள். இந்த இரண்டுக்கும் இடையே ஆரக்கிள் ஒரு நாள் என்கிறது, போஸ்ட்கிரெஸ் 11 நாள் என்கிறது. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது என்பதால் எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் 1753-க்கு முந்திய எதையும் ஏற்றுக்கொள்ளவே மறுக்கிறது. சண்டையைத் தவிர்க்கக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

வரவிருக்கும் தேதி ஒன்றுதான் அவசரம். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை 1970-லிருந்து விநாடிகளை எண்ணுகிறது. அது தாங்கும் உச்சம் 2,147,483,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண் நிறைகிறது. இருபதாண்டுத் தவணையில் இன்று வீட்டுக் கடன் வாங்குபவரின் கடைசித் தவணை அதற்கு அப்பால் விழுகிறது. அதே மைஎஸ்க்யூஎல்லின் டேட்டைம் வகைக்கு 9999 வரை இடம் உண்டு. உங்கள் பொறுப்பில் இருக்கும் அட்டவணையில் முடிவுத் தேதி டைம்ஸ்டாம்பாக இருந்தால் 2038-க்குக் காத்திராமல் இப்போதே மாற்றிவிடுங்கள்.