பிசகும் என்று தெரிந்தே கட்டிய நகரம்

ஷாங்காய்க்குப் போவதென்று முடிவு செய்தவர் முதலில் ஐந்து கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். எப்போது போவது, வழி எப்படிக் கண்டுபிடிப்பது, பணம் எப்படிக் கொடுப்பது, எதில் ஏறுவது, எதைப் பார்ப்பது? ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் வாழும் அந்த நகரத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொறியியல் வித்தை ஒளிந்திருக்கிறது. கூர்ந்து பார்த்தால் எல்லா வித்தைகளும் ஒரே குடும்பம்தான். எங்கோ கொஞ்சம் பிசகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, பிசகப் பிசகத் திருத்திக்கொண்டே இருப்பது!

காலத்தையும் விசாவையும் சட்டென்று முடித்துவிடலாம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை தெற்கின் ஈரக்காற்றும் வடக்கின் குளிர்காற்றும் நகரத்துக்கு மேலே மோதி, நாள்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். அது ஓய்ந்ததும் புயல் பருவம். 2024 செப்டம்பரில் வந்த பெபின்கா, 1949-க்குப் பிறகு ஷாங்காயைத் தாக்கியவற்றில் மிக வலுவான புயல். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, எங்கும் கூட்டம். அது கழிந்த பிறகு நவம்பர் நடு வரை வானமும் இதமாக இருக்கும், கூட்டமும் குறையும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை.

முதல் ஆச்சரியம் கைப்பேசியிலேயே காத்திருக்கிறது. வானில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ஆனால் சீனப் பெருநிலத்தின் வரைபடங்களைச் சட்டப்படி வேண்டுமென்றே நகர்த்தி வரைகிறார்கள். உண்மையான இடத்துக்கும் வரைபடத்தில் உள்ள இடத்துக்கும் சில நூறு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அந்த விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் மனக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதுவோ இடத்துக்கு இடம் மாறும், திசையும் மாறும். அதனால்தான் வெளிநாட்டுச் செயலிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் படத்தின்மேல் சாலைக்கோடுகள் ஒட்டாமல், வீட்டுக்கூரைகளின் மேல் ஓடுவதைப் பார்க்கலாம். அமாப் போன்ற சீனச் செயலிகள் வரைபடத்தை நகர்த்திய அதே கணக்கில் உங்கள் புள்ளியையும் நகர்த்திவிடுகின்றன. இரண்டும் சேர்ந்தே பிசகுவதால் வழி சரியாக அமைகிறது. புறப்படும் முன்பே அப்படி ஒரு செயலியை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பணம். காலையில் தெருமுனை வண்டியில் வட்டக் கல்லில் மாவை ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, சாந்து தடவி, மொறுமொறு வறுவலை வைத்து மடித்து ஜியான்பிங் தருவார்கள். வண்டிக் கம்பியில் ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டியிருப்பார்கள். எண்ணெய் தெறித்து, ஓரம் கிழிந்து, வெயிலில் வெளுத்திருக்கும். ஆனாலும் பணம் செலுத்தும் செயலிகளான அலிபேயோ வீசாட்டோ அதை நொடியில் படித்துவிடும். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கிய இந்தக் கட்டத்தில், உண்மையான தகவலோடு அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற உபரி எண்களும் கலந்திருக்கின்றன. ஒரு பகுதி அழிந்தால் மிச்சமுள்ள எண்களைக் கொண்டு அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். மிக வலுவான வகையில் சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் செய்தி மீண்டுவிடும். மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய சதுரங்கள் வெறும் அலங்காரம் அல்ல. எந்தப் பக்கம் திருப்பிப் படமெடுத்தாலும் கேமரா அவற்றை வைத்துத்தான் திசையைக் கண்டுகொள்கிறது.

கடைக்காரர் உங்கள் திரையில் உள்ள குறியீட்டைப் படித்துப் பணம் எடுக்கும் முறையும் உண்டு. அந்தக் குறியீடு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். பின்னால் நிற்பவர் படம் பிடித்துக்கொண்டாலும் சற்று நேரத்தில் அது செல்லாக்காசு. வெளிநாட்டுக் கடன் அட்டையையும் இந்தச் செயலிகளில் இணைக்கலாம். ஊரில் இருக்கும்போதே இணைத்துச் சரிபார்த்துவிட்டால், அங்கே போய் வங்கியின் ரகசிய எண்ணுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை.

புடோங் விமான நிலையத்தில் இறங்கியதும் மாக்லெவ், அதாவது காந்த மிதவை ரயில், நிற்கும். லோங்யாங் சாலை நிலையம் வரை 30 கி.மீ. தூரம், சுமார் 8 நிமிடம். முன்பு மணிக்கு 431 கி.மீ. வேகம் வரை ஓடியது. இப்போது 300. ரயிலின் பக்கங்கள் தண்டவாளத் தளத்தைக் கட்டிப்பிடித்தாற்போல் கீழே வளைந்திருக்கும். அந்த வளைவில் உள்ள மின்காந்தங்கள் மேலிருக்கும் இரும்பை நோக்கி இழுபடும்போது ரயில் எழும்புகிறது. சிக்கல் இனிமேல்தான். காந்தம் நெருங்க நெருங்க ஈர்ப்பு கூடும். விட்டுவிட்டால் ஒட்டிக்கொண்டுவிடும். விலக விலக ஈர்ப்பு குறையும். விட்டுவிட்டால் விழுந்துவிடும். நடுவில் நிலையாக நிற்கும் இடமே கிடையாது! எனவே உணரிகள் இடைவெளியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. அப்படிக் காப்பாற்றும் இடைவெளி சுண்டுவிரல் பருமன்தான், சுமார் 10 மி.மீ. லோங்யாங் சாலை நகரின் மையம் இல்லை, அங்கிருந்து மெட்ரோ மாற வேண்டும். மாற மனமில்லாதவர்கள் விமான நிலையத்திலேயே மெட்ரோவின் 2-ஆம் தடத்தில் ஏறலாம். மையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம்.

அந்த மெட்ரோ 1993-இல் தொடங்கியது. இன்று 800 கி.மீ.க்கு மேல் நீண்டிருக்கிறது. முதல் 6 கி.மீ.க்கு 3 யுவான், அதற்கு மேல் ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் 1 யுவான். இத்தனை சுரங்கத்தையும் பாறையில் குடையவில்லை. யாங்சி ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண்ணிலும் மணலிலும் குடைந்திருக்கிறார்கள். குடையும் எந்திரத்தின் முகத்துக்குப் பின்னால் ஓர் அறை. வெட்டிய சேற்றை அதிலேயே நிரப்பி, வெளிமண் தரும் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். ஒரு திருகு அந்தச் சேற்றை அளவாக வெளியேற்றும். வேகமாக எடுத்தால் மேலே தெரு அமுங்கும், மெதுவாக எடுத்தால் தெரு புடைக்கும்.

இந்தச் சேற்றின் மேல்தான் 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரமும் நிற்கிறது. பாறை வெகு ஆழத்தில் இருப்பதால், சுமார் 86 மீட்டர் வரை இறங்கும் நூற்றுக்கணக்கான கான்கிரீட் தூண்களும் அவற்றின் மேல் 6 மீட்டர் கனத்தில் ஒரு தளமும் அதைத் தாங்குகின்றன. நேரான கட்டடத்தில் காற்று மோதினால் இருபுறமும் சுழல்கள் மாறி மாறிப் பிரியும். அந்தத் தாளம் கட்டடத்தின் அசைவோடு ஒத்துப்போனால் ஆபத்து. கோபுரம் அடியிலிருந்து நுனிவரை 120 பாகை முறுக்கிக்கொண்டு குறுகிப் போவதால், ஒவ்வொரு உயரத்திலும் சுழல்களின் தாளம் வேறுபட்டுக் கலைந்துவிடுகிறது. காற்றின் சுமை 24 சதவீதம் குறைகிறது. மிச்ச அசைவுக்கு 125-ஆம் மாடியில் 1,000 டன் எடை தொங்குகிறது. கட்டடம் ஒருபுறம் சாயும்போது இது பின்தங்கி மறுபுறம் இழுக்கும். எடையோடு நகரும் காந்தங்கள் செம்புத் தகட்டில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அந்த மின்னோட்டமே உராய்வு இல்லாத பிரேக்காக வேலை செய்கிறது. 118-ஆம் மாடியின் பார்வைத் தளம் 546 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின்தூக்கி ஒரு நிமிடத்துக்குள் கொண்டுபோய்விடும். அதற்குள் காற்றழுத்தம் சுமார் 6 சதவீதம் குறைவதால் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய திருத்தம் கண்ணுக்கே தெரியாது. 1921 முதல் 1965 வரையான காலத்தில் நகரத்தின் சில இடங்கள் 2.63 மீட்டர் வரை கீழே இறங்கிவிட்டன. கோடையில் நூற்பாலைகளைக் குளிர்விக்க நிலத்தடி நீரை உறிஞ்சித் தள்ளியதுதான் காரணம். மண்துகள்களுக்கிடையே இருந்த நீர் போனதும் களிமண் நெருங்கி அமுங்கியது. 1960-களில் கண்ட தீர்வு அழகானது. குளிர்காலத்தின் சில்லிட்ட நீரை அதே கிணறுகள் வழியே பூமிக்குள் செலுத்தினார்கள். ஆழத்தில் இருக்கும் மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது, நீர் மாதக்கணக்கில் சில்லென்றே கிடக்கும். கோடையில் அதை எடுத்து ஆலையைக் குளிர்வித்தார்கள். தரை அமுங்குவதும் தணிந்தது, குளிரூட்டும் செலவும் மிச்சம்!

தாழ்ந்த நிலம் தாழ்ந்ததுதான். ஹுவாங்பு ஆற்றிலோ கடலின் ஓதம் ஏறி இறங்குகிறது. அதனால் கரையோரம் முழுக்க வெள்ளத் தடுப்புச் சுவர். பண்ட் எனப்படும் புகழ்பெற்ற கரையில் எதிர்க்கரைக் கோபுரங்களைப் படமெடுக்கப் பயணிகள் நிற்கும் உயர்ந்த நடைபாதை, அந்தச் சுவரின் உச்சிதான். தெருவிலிருந்து படியேறித்தான் ஆற்றைப் பார்க்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

பயணத் திட்டத்தையும் இந்த நகரத்தைப் போலவே அமைத்துக்கொள்ளலாம். எது பிசகும் என்று யோசித்து, அதற்கொரு மாற்று. கோபுரத்தின் உச்சி பல நாள் மேகத்துக்குள் மறைந்திருக்கும், அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டே சீட்டு வாங்குங்கள். வழி, பணம், ரயில் சீட்டு மூன்றும் ஒரே கைப்பேசியில் இருப்பதால் பவர் பேங்கும் இருநூறு யுவான் ரொக்கமும் பையில் இருக்கட்டும். தங்கும் விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் அச்சடித்த அட்டை ஒன்றை வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி மெட்ரோவை விட்டுவிட்டு, பேட்டரியும் தீர்ந்து நின்றால், டாக்ஸி ஓட்டுநரிடம் அந்த அட்டையை நீட்டினாலே போதும்.