ஏழாவது படிக்கிறவனுக்கு என்ன நாவல்?

"பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் கொடிசியா புத்தகக் கண்காட்சியில வாங்கிக் குடுத்தனுங்ண்ணா. வருஷம் ஒன்னாச்சு, பஸ் டிக்கெட்டு இன்னும் நாற்பதாம் பக்கத்துலயே நிக்குது."

வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே பக்கத்து வீதித் தம்பி சொன்ன குறை இது. அடையாளத்துக்கு வைத்த டிக்கெட்டின் எழுத்துகூட மங்கிப்போச்சாம். மகன் ஏழாவது.

பையன்மேல் தப்பில்லை என்றேன். கல்கி அதை 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதினார். படித்தவர்கள் அந்தந்த வாரம் வந்ததை வாரம் முழுக்கப் பேசித் தீர்த்தார்கள். கதையில் வருகிறவர்களின் அத்தனை பேர்களும் அதிலேயே மனசில் தங்கிவிட்டன. அஞ்சு பாகத்தையும் ஒரே கட்டாக மடியில் வைத்தால் பன்னிரண்டு வயசுக்குப் பாரம்தான்.

ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ரெண்டுங்கெட்டான் வயசு. படக்கதையை நீட்டினால், "நானென்ன பாப்பாவா?" என்பான். அவனுக்கு வேண்டியது அவன் வயசுப் பிள்ளை ஒன்று, பெரியவர்கள் உடனே வந்து தீர்த்துவைக்க முடியாத ஒரு சிக்கல், நாலைந்து நாளில் முடிகிற பக்கங்கள்.

அப்படி எழுதினவர் நம்ம பக்கத்திலேயே இருந்தார்: பெ. தூரன். "பாட்டு எழுதுனவருங்ளா?" என்றார் தம்பி. அவரேதான். 1908-இல் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் பிறந்தவர்; பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்தவர். பிற்பாடு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. இவ்வளவு கனமான வேலை பார்த்த மனுஷர், பிள்ளைகளுக்கு நாவலும் எழுதினார். சூரப்புலி, கொல்லிமலைக் குள்ளன், சங்ககிரிக் கோட்டையின் மர்மம்.

சங்ககிரி என்றதும் தம்பி நிமிர்ந்தார். மாமனார் ஊர் சேலம். போக வர பஸ் ஜன்னலில் தெரிகிற மலை. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்பது பையனுக்குப் பாடத்தில் தெரியும். அதே கோட்டைக்குள் ஒரு மர்மம் என்றால் அடுத்த தடவை ஜன்னல் சீட்டுக்கு அவனே சண்டை போடுவான்.

ஆனால் முதலில் கொல்லிமலைக் குள்ளனைக் கொடுங்கள் என்றேன். தங்கமணி, சுந்தரம், கண்ணகி என்று மூன்று பிள்ளைகள். கூடவே ஜின்கா என்றொரு குரங்கு. என்னைக் கேட்டால் அந்தக் குரங்கே பாதிக் கதையை இழுத்துப் போய்விடும். நடை கொஞ்சம் பழசு, பேச்செல்லாம் செந்தமிழ். அதனால் முதல் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாவதில் பாதியில் நிறுத்திவிட்டு, கரண்ட் பில் கட்டணும் என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை மேஜைமேலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் முக்கியம். கடையில் கிடைக்காவிட்டால் விக்கிமூலத்தில் இலவசமாகவே இருக்கிறது.

புதுசில் உதயசங்கரின் ஆதனின் பொம்மை. கீழடியைப் பற்றிய கதை. 2023-இல் பால சாகித்திய விருது வாங்கியது. எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020-இல் அதே விருது பெற்றது. பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொள்கிறவர்களைப் பற்றிப் பேசுகிற புத்தகம். அதை மட்டும் முதலில் நீங்கள் படித்துவிட்டு, பிறகு பையனோடு சேர்ந்து படியுங்கள்.

"பெருமாள்முருகனோட பூனாச்சி ஊட்டுல இருக்குதுங். வெள்ளாட்டுக் கதைதானுங்களே?"

வெள்ளாடுதான். ஆனால் வறட்சியும் பசியும் அதிகாரத்துக்குப் பயந்து வாழ்வதும் அதற்குள் இருக்கின்றன. ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஏமாந்து வாங்கிக் கொடுத்த அப்பன்மாரை எனக்குத் தெரியும். பத்தாவது தாண்டட்டும்.

"அப்ப பொன்னியின் செல்வனை என்னங்ண்ணா பண்றது?"

"டிக்கெட்டை எடுக்காதீங்க தம்பி. அங்கேயே இருக்கட்டும்."

தம்பி எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.