இல்லத்திலிருந்தே ஓர் ஆய்வுப் பட்டம்: இயலுமா?



சென்ற ஆண்டு ரமலானுக்கு முன்பு, என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர் பழைய சேலைத் துணியில் கட்டிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கடற்கரை ஊரிலுள்ள அவர்களுடைய வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பரணிலிருந்த மரப்பெட்டியில் அரபு எழுத்தில் அமைந்த பழந்தாள்கள் நிறைய இருந்தனவாம். கிழிந்த குர்ஆன் தாள்களைக் காலடி படாத இடத்தில் புதைப்பதோ, ஆழ்ந்த நீரில் சேர்ப்பதோ நம்மவர் வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே இரண்டு சாக்குகளைக் கடலில் சேர்த்துவிட்டனர். மூன்றாவதைத் தூக்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. அதனால் தப்பியதே இம்மூட்டை.

பிரித்துப் பார்த்தேன். குர்ஆன் தாள்கள் நான்கைந்தே இருந்தன. எஞ்சியவை அனைத்தும் தமிழ்! ஆம், அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். ஒரு கட்டில் குழந்தைகளின் மாந்தத்திற்கு மருந்து. இன்னொன்றில் தொழுகையின் ஃபர்ளு, சுன்னத்துகள் பெண்களுக்காக வினாவும் விடையுமாக. மற்றொன்றில் இலங்கைக்குச் சென்ற சரக்கின் கணக்கு. கடலுக்குள் போன இரண்டு சாக்குகளில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். பக்தியினால் செய்த காரியம். யாரையும் குறைகூற எனக்கு மனமில்லை. படிக்கத் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார்கள், அவ்வளவே.

மறு வாரம் அம்மாணவரின் ராத்தா ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். வரலாற்றில் முதுகலை பயின்று, மணமாகி, இரண்டு குழந்தைகளுடன் தாய்வீட்டில் இருப்பவர். “ஹஜ்ரத், இந்தக் கிதாபுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க விரும்புகிறேன். வீட்டிலிருந்தபடியே ஓராண்டில் முடித்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வந்துள்ளது. பணம் கட்டலாமா?” என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். இக்கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

முதலில் விளம்பரத்தைப் பற்றி. பணம் கட்டாதீர்கள் என்று ஒரே வரியில் எழுதினேன். இந்தியாவில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பி.எச்டி. பட்டம் வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு இசைவதில்லை. 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இத்தடை வந்துவிட்டது. 2016-இலும் 2022-இலும் வந்த விதிமுறைகள் அதனை உறுதி செய்தன. அதற்கு முன்பு அஞ்சல்வழியில் எம்.ஃபில். பயின்றவர்கள் நம்மிடையே உண்டு, அந்த எம்.ஃபில். பட்டமே 2022 விதிமுறைகளோடு கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்று சொல்லி இணையவழி டாக்டர் பட்டம் விற்கும் நிறுவனங்களை நம்பவேண்டாம் என்று மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இணைந்து 2022 அக்டோபரில் எச்சரித்தன. அப்படியிருந்தும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை இப்படி இழந்தார். அவர் பெற்ற சான்றிதழில் பொன்னெழுத்துக்குக் குறைவில்லை.

அப்படியாயின் ஊரை விட்டு நகர முடியாதவர்க்கு வழியே இல்லையா? இருக்கிறது. இந்த ஆய்வைப் பொறுத்தவரை, ஊரை விட்டு நகராதவரே மேலானவர் என்றும் சொல்வேன். ஏடுகள் பல்கலைக்கழகத்தில் இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவை போன்ற ஊர்களிலும் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவ்வூர்களில் மணமான மகளுக்கே வீடு சேர்வது வழக்கம். ஆகவே பெட்டியின் சாவி பெண்கள் கையில். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர் எவ்வளவு பெரிய அறிஞராயினும் அவ்வீட்டின் உள்கட்டுக்குள் போக முடியாது. வீட்டுப் பெண்ணால் முடியும்.

ஏட்டைப் படிக்கும் திறமும் நம்மிடமே உள்ளது. அரபுத்தமிழில் அரபியிலில்லாத ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி வடிவம் அமைத்தனர். எகர ஒகரத்திற்கும் தனிக்குறி கண்டனர். குர்ஆன் ஓதத் தெரிந்த தமிழர் எவரும் சில வாரப் பயிற்சியில் இதனைப் படித்துவிடலாம். அரபி அறியாத தமிழாய்வாளருக்கோ தமிழறியாத அரபுப் பேராசிரியருக்கோ அது எளிதன்று. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) இந்த எழுத்திலேயே பெருநூல்களை இயற்றினார்கள். அவர்களுடைய நூல்களைச் சுற்றி வாழ்ந்த பெண்களுக்குத் தமிழெழுத்துத் தெரியாமலிருக்கலாம். அவர்களை எழுத்தறிவில்லாதவர் என்று கணக்கெடுத்தால் அது கணக்கெடுத்தவரின் பிழை.

மதரஸாவில் நாம் பெற்ற வேறு சிலவும் இத்துறையில் கருவிகளாகின்றன. 786 என்பதன் பொருள் உங்கள் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். எழுத்துக்கு எண் மதிப்புக் கொடுத்துக் கூட்டும் அந்த அப்ஜத் கணக்கைக் கொண்டுதான் பள்ளிவாசல் கட்டிய ஆண்டையும் பெரியவர்கள் மறைந்த ஆண்டையும் கவிதை அடிக்குள் ஒளித்து வைத்தார்கள். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் படி எடுத்தவர் ஹிஜ்ரி நாளை எழுதியிருப்பார். மூட்டையிலிருந்த ஓர் ஏட்டில் 1300 முஹர்ரம் என்றிருந்தது. ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பர் 12-ஆம் நாள். ஆண்டு எழுதப்படாத ஏடானால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாக மூன்று பிறைகள் வரிசையாகத் தெரியக்கூடும். பார்த்தவுடன் முஸ்லிம்கள் செய்த தாள் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அது வெனிஸ் பகுதியில் கிறிஸ்தவர்கள் செய்து, முஸ்லிம் நாடுகளின் சந்தைக்கென அனுப்பிய தாள்! வாணிகம் எத்தனை நுட்பமாக வாடிக்கையாளரை அறிந்திருந்தது பாருங்கள். முதல் பக்கத்தில் ‘யா கபீகஜ்’ என்று எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்தவர் எழுதிய சொல் அது. அப்படி எழுதிய ஏடுகளையும் பூச்சி அரித்தே இருக்கிறது என்பது வேறு செய்தி.

இவ்வறிவைத் துறைசார் அறிவாக்குவதற்கே முறையான கல்வி வேண்டும். அதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பெறலாம். ஆலிம் பட்டம் மட்டும் உள்ளவர் இளங்கலையும் முதுகலையும் தொலைநிலையில் முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் நடக்கிறது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இவ்விரண்டிற்கும் மூத்தது. நானும் அஞ்சலில் வந்த பாடப்புத்தகங்களை இஷாவுக்குப் பின் படித்துத் தேறியவன்தான். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம், நேரில் பயின்ற பட்டத்திற்கு நிகரானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. எந்த நிறுவனத்திற்கு எந்தப் பாடத்திற்கு இசைவு உள்ளது என்ற பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் கிடைக்கும். சேருமுன் அதனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதுகலைக்குப் பின் கேட்க வேண்டிய சொல் ‘தொலைநிலை’ அன்று, ‘பகுதி நேரம்’. 2022 விதிமுறைகள் பகுதி நேர பி.எச்டி.க்கு இடமளிக்கின்றன. பணியில் இருப்பவர் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று பெறவேண்டும். முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு தேவை. பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை உண்டு. நுழைவுத் தேர்வு, நேர்காணல், தொடக்கத்தில் பாடநெறி ஆகியவற்றுக்கு நேரில் போகத்தான் வேண்டும். அதன்பின் நெறியாளரைக் குறித்த காலங்களில் சந்தித்து, ஆய்வை ஊரிலிருந்தே செய்யலாம். குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6 ஆண்டுகள்; நீட்டிப்பு 2 ஆண்டுகள். பெண்களுக்கு அதற்கும் மேல் 2 ஆண்டுகள், பேறுகாலத்திற்கும் குழந்தை வளர்ப்பிற்குமாக 240 நாள் வரை விடுப்பு. ‘ஓராண்டில் டாக்டர்’ என்ற விளம்பரம் எவ்வளவு அப்பட்டமான பொய் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கடினமான இடம் நெறியாளரைத் தேடுவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறை, புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி ஆகியவற்றின் அரபுத் துறைகள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை என்று கதவுகளைத் தட்டலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். உங்களிடமுள்ள ஏடுகளின் பட்டியலோடு போங்கள். யாரிடமும் இல்லாத மூலங்கள் உங்களிடம் இருக்கின்றன என்று கண்டால் பேராசிரியர்களின் பேச்சே மாறிவிடும். நம்மில் முன்னே சென்றவர்களும் உண்டு. இலங்கையின் ம.மு. உவைஸ் அவர்கள், முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றிய தம் பட்ட ஆய்வை 1953-இல் நூலாக்கினார்கள். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்தார்கள். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் அரபி, அரபுத்தமிழ், பாரசீகம் வளர்ந்த வரலாற்றை ஆங்கிலத்தில் பெருநூலாக 1993-இல் வெளியிட்டார்கள். ஓர் ஆலிம் செய்த பணி அது என்பதை மதரஸா மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

நூலகத்திற்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? இன்று பெரும்பாலானவை வீடு தேடி வருகின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பில் முன்பு யார் என்ன செய்தார் என்பதை அங்கே முதலில் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்கள் ஏராளம். அமெரிக்காவின் மினசோட்டாவில், கிறிஸ்தவத் துறவி மடம் ஒன்றின் சார்பில் தொடங்கிய ஹில் கையெழுத்துச்சுவடி நூலகம், பழைய அரபு எழுத்தைப் படிக்கும் பாடங்களை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. ஆப்பிரிக்காவின் திம்புக்துவில் 2012-இல் ஆயுதக் குழுக்கள் நுழைந்தபோது, அப்துல் காதிர் ஹைதரா என்ற நூலகரும் தோழர்களும் இரும்புப் பெட்டிகளில் இஸ்லாமியச் சுவடிகளை அடைத்து, வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காத்தார்கள். அச்சுவடிகளைப் படமெடுக்கத் துணை நின்றதும் அதே துறவிகளின் நூலகமே. லண்டனில் ஷைகு அஹ்மது ஸகி யமானி 1988-இல் நிறுவிய அல்ஃபுர்கான் அறக்கட்டளையும் சுவடியியலில் பயிற்சிகள் நடத்துகிறது.

வெளிநாட்டில் தொலைநிலைப் பட்டம் பெறுவதைப் பற்றியும் அச்சகோதரி கேட்டிருந்தார். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் அருங்காட்சியகக் கல்வியைத் தொலைநிலையில் நெடுங்காலமாக நடத்துகிறது, நல்ல பெயருடையது. கட்டணம் நம் போன்றவர்க்கு எட்டாதது. அத்துடன், அங்கே மதிப்புடைய பட்டம் இங்கே விரிவுரையாளர் பணிக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டறிந்த பிறகே முடிவு செய்யவேண்டும்.

அதுவரை ஏடுகள் காத்திருக்குமா? காத்திருக்காது. ஆகவே இன்றே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அது பழுத்துத் தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையிட்டு அழுத்தவும் வேண்டாம். வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். ஒவ்வோர் ஏட்டுக்கும் எண் கொடுத்து, துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். சன்னல் வெளிச்சத்தில் செல்பேசியால் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். யாருடைய வீடு, எந்தப் பெட்டி, யார் சொன்னது என்பதைத் தனி நோட்டில் குறியுங்கள். படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்கவேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகமே இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் மின்படச் சுவடிகள் பல மாதங்கள் எவருக்கும் கிடைக்காமற்போயின. மூல ஏட்டை ஊரைவிட்டு அனுப்பவும் கூடாது. அந்நூலகம் 2004-இல் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டமே, மூலம் பிறந்த நாட்டில்தான் இருக்கவேண்டும், படம் மட்டும் போதும் என்று விதி வைத்துள்ளது. ‘பத்திரமாக வைத்துத் தருகிறேன்’ என்று வாங்கிப்போகும் அன்பர்களிடம் இவ்விதியைச் சொல்லுங்கள்.

அச்சகோதரி பணம் கட்டவில்லை. குழந்தைகள் உறங்கிய பின் நாளுக்கு இருபது பக்கம் என்ற கணக்கில் படமெடுத்தார். மூட்டையில் 23 ஏடுகள் தேறின. அவற்றுள் 6-க்குத் தொடக்கமில்லை, 4-க்கு முடிவில்லை. இடையிடையே அரபியில் தடை வந்தால் தம்பியின் வழியாக என்னைக் கேட்பார். சரக்குக் கணக்கேட்டில் அளவைச் சொற்கள் சில எனக்கே விளங்கவில்லை. ஊரிலுள்ள முதியவர் ஒருவர்தான் பொருள் சொன்னார். பட்டியலை எடுத்துக்கொண்டு தம் கணவரோடு போய்ப் பேராசிரியர் ஒருவரைக் கண்டுவந்துள்ளார். பகுதி நேர ஆய்வுக்கான நுழைவுத் தேர்வை எழுதியாயிற்று, முடிவு வரவில்லை.

இதற்கிடையே அவருடைய உம்மா ஒரு செய்தி சொன்னார்களாம். அதே வீட்டு மாடியறையில் இன்னொரு பெட்டி உண்டு. சாவி கொழும்பிலுள்ள பெரியம்மாவிடம் இருக்கிறது. அவர்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வருகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.