சிரட்டையும் றெசினும்

வயல் செய்ய வழியில்லாத இடத்தில் இருந்துகொண்டு சிறு கைத்தொழிலைத் தேடும் குடும்பங்களுக்காக இதனை எழுதுகிறோம். சிரட்டை, நெல்மணி, காய்ந்த பூ, சிப்பி என்பவற்றைக் கண்ணாடி போன்ற தெளிந்த பொருளுக்குள் பதித்துத் தோடு, பதக்கம், திறப்புக் கோர்வை செய்யலாம். அப்பொருள் எப்பொக்சி றெசின். 1946இல் சந்தைக்கு வந்த, உடைந்ததை ஒட்டும் ‘அரல்டைட்’டும் இதே இனம்தான்.

இது இரண்டு போத்தல்களில் வரும். ஒன்றில் றெசின், மற்றதில் அதை இறுகச் செய்யும் திரவம். மை காய்வதுபோல் இது காய்வதில்லை; இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே இறுகுகின்றன. ஆகவே இரண்டாவதைக் கூட விட்டால் கெதியாய் இறுகும் என்று எண்ணவேண்டாம். மிஞ்சிய திரவம் பிணைய ஆளின்றி உள்ளே நிற்கும்; துண்டு என்றைக்கும் பிசுபிசுக்கும். ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா, அளவு நிறையாலா கனவளவாலா என்பதைப் போத்தலில் பார்த்து அப்படியே அளக்கவேண்டும். பாத்திரத்தின் ஓரம், அடி எல்லாம் வழித்து மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாய் அடித்தால் குமிழி நிறைந்துவிடும்.

அச்சு வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சிரட்டையைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, வளையமாக அறுத்து, அடியில் ஒட்டும் நாடாவை இறுக ஒட்டினால் அதுவே அச்சு. உள்ளே நெல்மணியை வைத்து மெல்லியதாக ஊற்றுங்கள். தடிப்பாக ஊற்றினால் உள்ளே சூடேறி வெடிக்கும், சிலவேளை புகைக்கும். பச்சைப் பூ உள்ளே கிடந்து கறுத்துவிடும். அதனைக் கடதாசிக்கிடையே அழுத்தி இரண்டு மூன்று கிழமை உலர்த்துவது அவசியம். மாரிகால ஈரக்காற்றில் மேற்பரப்பு வெண்மை படரும். கடும் வெயிலிலோ கலவை கையிலேயே இறுகத் தொடங்கும்; பத்துப் பாகை வெப்பம் கூடினால் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். காலையில் செய்வதே நல்லது. ஒரு நாளில் இறுகினாலும் முழு உறுதி வர மேலும் இரண்டொரு நாள் செல்லும்.

ஒற்றை அறையில் சமையலும் படுக்கையும் பிள்ளைகளும் இருக்குமானால் இந்த வேலை வெளித் திண்ணையில்தான். இறுகாத றெசின் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை பிடிக்கும். பிடித்தால் வாழ்நாளுக்கும் விடாது. கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் துடைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெற்றோல், தின்னர் வேண்டாம். அரத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி மூச்சுக்குள் போகாது. மிச்சக் கலவையைக் கிணற்றடியில் ஊற்றாமல் இறுகவிட்டே எறியவேண்டும்.

கரையோரங்களில் பைபர் படகு திருத்தும் பொலியெஸ்ரர் றெசின் வேறு இனம். அதன் ஊக்கி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், றெசினோ தீப்பற்றும். மலிவென்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

விதைகளிலும் கவனம். முழுச்சிவப்பான மஞ்சாடியை எடுக்கலாம். சிவப்பில் கறுப்புக் கண்ணுள்ள குன்றிமணி அழகுதான், ஆனால் கொடிய நஞ்சு. துளையிட்ட அல்லது மென்ற ஒரு விதையே பிள்ளையின் உயிரைப் பறிக்கக்கூடும். அதனைத் தொடவே வேண்டாம்.

முதலில் மிகச் சிறிய சோடிப் போத்தலை வாங்கி ஐந்தாறு துண்டு செய்து பாருங்கள். விலை போடும்போது பழுதாய்ப்போன துண்டுகளின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.